ஆணியில் தொங்கிய ஓடை

நெட்டிமேட்டுக்காரர்கள் தங்கள் ஊர் உப்பங்கழியான கழுவெளியைச் சுருட்டி வீட்டுக்குள் ஒளித்து வைத்த நாளில் காற்றே இல்லை, அதனால் தண்ணீர் அலையாமல் மடங்கியது, சுருக்கம் விழாமல் சுருண்டது, அரசாங்க வண்டிகள் மதகுப் பாலத்தைத் தாண்டி வந்து நின்றபோது அங்கே தண்ணீர் இருந்ததற்கு அடையாளமாக ஒரு நத்தைகூட வெளியே கிடக்கவில்லை என்று அந்த ஊரில் பெருமையும் வெட்கமும் கலந்த குரலில் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

ஒளித்து வைப்பது அவர்களுக்குப் புதிதில்லை. பாலத்து ஓரத்தில் குடிசை போட்டிருந்த துலுக்காணத்திடம் ஒரு நசுங்கிய அலுமினியத் தட்டு இருந்தது, அவனுடைய அப்பன் காலத்துத் தட்டு, தூரத்தில் காக்கி தெரிந்தாலும் ஜீப் புழுதி தெரிந்தாலும் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஆள் தெரிந்தாலும் அவன் அந்தத் தட்டை அடிப்பான், சத்தம் கேட்டதும் ஊர் தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். வனத்துறை வந்தால் வலை மறையும், போலீஸ் வந்தால் சாராயப் பானை மறையும், நிலம் அளக்கிறவர்கள் வந்தால் புதிதாகப் போட்ட கூரை மறையும், ஆள் கணக்கெடுக்க வந்தால் சில வீடுகளில் பிள்ளைகளே மறைந்துபோவார்கள். அதிகாரி கண்ணில் பட்டதை எழுதுவார், எழுதியது போய்விடும். அவர்கள் அறிந்த அரசாங்கம் இவ்வளவுதான். வடக்கே இருந்த பனந்தோப்பை ஒரு நாள் ஒருவர் வந்து பார்த்தார், எழுதினார், பிறகு அதைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. கிழக்கே இருந்த சுடுகாட்டைப் பார்த்தார்கள், எழுதினார்கள், அதன்பிறகு செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு சுற்றுவழியில் போக வேண்டியதாயிற்று. பார்க்காமல் விட்டதுதான் அவர்களிடம் மிஞ்சியிருந்தது.

ஆகவே, துறைமுகத்திலிருந்து வருகிற பெட்டிகளை அடுக்கி வைக்கக் கழுவெளியைத் தூர்த்துக் கிடங்குகள் கட்டப் போகிறார்கள், அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு குழு நேரில் வருகிறது என்ற சேதி பலர் வாய் மாறி நெட்டிமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அது கடைசியில் ஒரே வரியாகச் சுருங்கிப் போயிருந்தது: தண்ணியைப் பாக்க வர்றாங்க.

அந்த ஒரு வரி போதும். துலுக்காணம் தட்டை அடித்தான். ஊர் ஓடியது.

நான்கு பேர் சேர்ந்து புடவை மடிப்பதுபோல மடித்தார்கள். வடகரையை இரண்டு பெண்கள் பிடித்துக்கொள்ள, தென்கரையை இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு வந்து விளிம்போடு விளிம்பு சேர்த்தார்கள். பவுனம்மா தன் கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவைத் தலையில் சுமந்து வந்து ஆழமான நடுப்பகுதியை அதில் அமுக்கினாள். அது கறுப்பாகவும் கனமாகவும் இருந்ததால் அவள் புருஷன் ஒரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. ஆண்கள் கோரைப் படுகைகளைப் பாயாகச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். பூநாரைகள் காலை மடக்கிக்கொண்டு கூரைகளின்மேல் வெளுத்துக் காயப்போட்ட துணிபோல உட்கார்ந்தன. ஈரமாய்க் கிடந்த அடிச்சேற்றின்மேல் துலுக்காணம் நொண்டிக்கொண்டே போய் அடுப்புச் சாம்பலைத் தூவினான்.

கழுவெளியைக் கடலோடு சேர்க்கிற தாழையோடையை எடுத்தவள் தேசம்மா. யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. முகத்துவாரத்திலிருந்து தொடங்கி, உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகக் கயிறு சுற்றுவதுபோல, சுற்றுக்குச் சுற்று ஈரம் சொட்ட அதைச் சுற்றி எடுத்து, வீட்டுச் சுவரில் தன் தங்கையின் பறி தொங்கிக்கொண்டிருந்த ஆணியில் மாட்டி, மேலே ஒரு பழைய புடவையைப் போர்த்தினாள்.

நெட்டிமேட்டுப் பெண்களுக்கு இறால் பிடிக்க வலை கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பொத்திப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பனையோலைக் கூடைக்குள் போடுவார்கள். அந்தக் கூடைதான் பறி. விடிந்து இறங்கினால் பொழுது ஏறிக் கரைக்கு வரும்வரை வாய்க்கு அதுதான் வேலை, ஆகவே தண்ணீருக்குள் யாரும் பேச முடியாது, முனகத்தான் முடியும். தேசம்மாவும் அவள் தங்கை கோட்டீஸ்வரியும் பக்கத்துப் பக்கத்தில் தடவுகிறவர்கள், அவர்களுக்குள் முனகலே ஒரு பாஷையாக இருந்தது. குட்டையாக ஒரு முனகல் என்றால் இங்கே இறால் இருக்கிறது. நீளமாக ஒன்று என்றால் போதும், கரையேறலாம். குட்டையாக இரண்டு, அடுத்தடுத்து, என்றால் ஏதோ கிடக்கிறது, கையை எடு. ஓர் ஐப்பசியில் மேட்டு வெள்ளம் சொல்லாமல் இறங்கித் தாழையோடையின் முகத்துவாரத்தில் கோட்டீஸ்வரியை வாரிக்கொண்டு போனது. பறி மட்டும் மிதந்து வந்தது. ஆள் வரவில்லை. பிணம் காட்டாததால் சாவுச் சீட்டுத் தர முடியாது என்றார்கள், ஆகவே அவள் காகிதத்தில் சாகவும் இல்லை, வீட்டில் இருக்கவும் இல்லை.

குழுவில் வந்தவர்களில் ஒருவர் ஜெயசீலன் என்ற பேராசிரியர், தொப்பி போட்டவர், ஒரு தோள் தாழ்ந்தவர், மற்றவர்கள் வண்டி நிழலிலேயே நின்றுகொள்ள அவர் மட்டும் சாம்பல் பூத்த பள்ளத்துக்குள் நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"இங்க தண்ணி நிக்குமா?" என்று கேட்டார்.

"தண்ணியா? குடிக்கவே காணோம் சார்" என்றான் துலுக்காணம்.

"மழைக்காலத்துல?"

"மழை எங்க சார் பேயுது இந்தப் பக்கம்? மேகம் வரும், எங்க மூஞ்சியப் பாக்கும், அப்படியே திரும்பிப் பூடும்."

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஜெயசீலன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். பவுனம்மாதான் சுதாரித்து, கடையிலிருந்து கோலி சோடா வாங்கி வந்து நீட்டினாள். அவர் சோடாவைக் குடித்துக்கொண்டிருக்கையில் பவுனம்மா வீட்டு அண்டாவுக்குள் ஒரு மடவை மீன் துள்ளி விழுந்தது.

"என்ன சத்தம்?"

"பூனை சார். ஒரு இடத்துல நிக்காது."

போகும் வழியில் தேசம்மாவின் வாசலில் அவர் நின்றார். போர்த்தியிருந்த புடவையின் நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது, இன்னொரு சொட்டு விழுந்தது. அவர் சொட்டைப் பார்த்தார், தேசம்மாவைப் பார்த்தார். தேசம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், வாயில் பறி இல்லை, ஆனால் இருப்பதுபோலத்தான் நின்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் நடந்து போய் வண்டியில் ஏறினார்.

வண்டிகள் போனதும் தண்ணீரை உடனே விரித்திருக்கலாம். ஆனால் மறுபடி வருவார்கள், இன்னும் ஒரு தடவை வருவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி நாளைக்கு, நாளன்னைக்கு என்று தள்ளிப்போட்டார்கள், அதற்குள் தண்ணீர் வீடுகளில் குடியேறிவிட்டது. அரிசிப் பானைக்குள் நாமக்கோழி முட்டையிட்டது. சண்டை போடுகிற வீட்டுத் தண்ணீரில் எந்நேரமும் அலை அடித்தது, குடிக்கிறவன் வீட்டுத் தண்ணீர் சாயங்காலமானால் தள்ளாடியது, புதிதாகக் கல்யாணமான வீட்டில் அது கதவோரம் ஒதுங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுக் கெளுத்தி பிடித்தார்கள். தண்ணீர்ப் பாம்பொன்று துலுக்காணத்தின் தலைமாட்டில் பழகிப்போய், அவன் புரண்டு படுத்தால் அதுவும் புரண்டு படுத்தது. இறாலுக்காக இடுப்பொடிய மண்டியிட வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் கையைவிட்டால் போதும் என்று முதலில் பெண்கள் மகிழ்ந்தார்கள். அப்புறம் மெல்ல, யாரும் கவனிக்காதபோது, என் வீட்டுத் தண்ணி, உன் வீட்டுத் தண்ணி என்ற பேச்சு வந்தது. என்னிடம் இருப்பதுதான் ஆழம் என்று பவுனம்மா அண்டாவைத் தட்டிக் காட்டினாள். அதுவரை நெட்டிமேட்டில் யாருக்கும் கழுவெளியில் பங்கு என்று ஒன்று இருந்ததில்லை.

தேசம்மாவின் வீட்டில் வேறொன்று நடந்தது. ஒரு மத்தியானம் அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கையில் புடவைக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது. வாயில் பறியைக் கடித்துக்கொண்டு மூக்கால் விடுகிற முனகல், நீளமாக ஒன்று. அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். கொஞ்சநேரம் கழித்து அது மறுபடி வந்தது. அவள் எழுந்து போய்ப் புடவையை விலக்கி, சுருண்டு தொங்கிய ஓடையில் காதை வைத்து, தன் மூக்காலும் நீளமாக ஒன்று முனகினாள். உள்ளேயிருந்து பதில் வந்தது.

அவள் திடுக்கிடவும் இல்லை, அழவும் இல்லை. எழுந்து போய் இன்னொரு தட்டு எடுத்து வந்து அதில் கஞ்சி ஊற்றி ஆணிக்குக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை, கேட்டால் வேலை கிடக்குது என்றாள், கூரைமேல் இருந்த பூநாரைகளும்கூட அவள் வாசலில் சத்தம் போடாமல் இறங்கி நடந்தன.

இப்படி இருக்கையில் டவுன் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். கிடங்கு கட்டப்போகிற கம்பெனி அனுப்பிய பஸ்ஸில் ஊரே ஏறிப் போனது, தேசம்மாவும் போனாள். முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் வாடாமல் நின்றது, மேடையில் மணமக்கள் உட்காருகிற சிவப்பு நாற்காலிகளில் மாவட்ட அதிகாரியும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள், ஓரத்து நாற்காலியில் ஜெயசீலன் இருந்தார். கம்பெனி அமர்த்திய ஆய்வாளர் ஒருவர் திரையில் படம் காட்டி அறிக்கையை வாசித்தார். குறிப்பிட்ட இடத்தில் நீர்நிலை எதுவும் இல்லை என்றார். ஓடை எதுவும் இல்லை என்றார். வறண்ட தரிசு, சாம்பல் நிற மண் என்றார்.

நெட்டிமேட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஒண்ணும் கண்டுபிடிக்கல பாரு என்று பவுனம்மா கிசுகிசுத்தாள். தெரிஞ்சா வுட்ருப்பானுங்களா என்று துலுக்காணம் தொடையைத் தட்டிக்கொண்டான். வாழ்நாளில் முதல்தடவையாக அரசாங்க மேடையிலிருந்தே தங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் கேட்கிற சந்தோஷத்தில் பின்வரிசையில் யாரோ கையும் தட்டினார்கள்.

ஆய்வாளர் அடுத்த படத்துக்குப் போனார். நீர்நிலை இல்லாத காரணத்தால் இடம் முழுவதையும் மண்கொட்டி உயர்த்துவதில் தடையொன்றும் இல்லை என்றார். திரையில் கழுவெளி இருந்த இடத்தில் நீலநிறக் கூரைகள் வரிசை வரிசையாக நின்றன. கை தட்டினவன் தட்டின கையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டான்.

"ஊர் மக்கள் சார்பா யாராவது பேசலாம்" என்று மைக்கை நீட்டினார்கள்.

யாரும் எழவில்லை. இத்தனை வருசமாகத் தண்ணீருக்குள்ளும் வெளியிலும் பல்லைக் கடித்தே பழகிய வாய்கள் அந்த மைக்கைப் பார்த்து இன்னும் இறுகின. கடைசியில் துலுக்காணம்தான் எழுந்தான், மைக்கை வாங்காமலே பேசினான்.

"தண்ணி கீது சார்."

"எங்கப்பா இருக்கு?"

"வூட்ல."

மண்டபம் சிரித்தது. மாவட்ட அதிகாரியும் சிரித்து, "வீட்ல இருந்தா குடிங்கப்பா, யாரு வேணாம்னாங்க?" என்றார்.

ஜெயசீலன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மைக்கை இழுத்து, தனக்கு ஒரு சந்தேகம் இருப்பதாகவும் இன்னொரு முறை நேரில் பார்க்காமல் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றும் சொன்னார். மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது அவர் துலுக்காணத்திடம் வந்து நின்று, வாசலில் சொட்டு விழுந்த வீட்டுக்காரி பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அது இருக்க வேண்டிய இடத்துல இருந்தாத்தான் நான் எழுத முடியும். வீட்ல இருக்கறத எழுத எனக்கு எடமில்ல. இன்னொரு தடவைதான் கிடைக்கும். அதுக்கப்புறம் லாரி வந்துடும்."

தேசம்மா திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாளே ஊர் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவந்தது. பானை பானையாக, குடம் குடமாக, சண்டைக்காரர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் வரிசையில் நின்று ஊற்றினார்கள், ஆழத்தை அண்டாவோடு கவிழ்க்கும்போது பவுனம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோரையை விரித்தார்கள், பறவைகளைக் கூப்பிட்டார்கள். எல்லாம் வந்தது, ஆனால் எதுவும் சேரவில்லை. ஒட்டுப்போட்ட துணிபோல ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரும் தனித்தனித் துண்டாகக் கிடந்தது, நடுவே தையல் கோடு தெரிந்தது. வெயிலேற ஏற அதில் நுரை கட்டியது, நாற்றம் எடுத்தது, இறால் வெளுத்துப்போய் மேலே மிதந்தது. கடல் ஏறும்போது உள்ளே வரவும் இறங்கும்போது வெளியே போகவும் வழியில்லாத கழுவெளி, வாயும் மூக்கும் பொத்தப்பட்ட ஆளைப்போல விறைத்துக் கிடந்தது.

ஓடை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எடுத்துக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. பவுனம்மா வந்து தேசம்மாவின் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போனாள். இன்னொருத்தி வந்தாள், ஆணியைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், போனாள். செத்த வீட்டுக்கு வருவதுபோல வந்து வந்து போனார்கள், யார் செத்தது என்பது மட்டும் சொல்லப்படவில்லை. கடைசியில் துலுக்காணம் நொண்டிக்கொண்டு வந்தான்.

"எக்கா, ஆணி தாங்குதா?"

"எங்கப்பன் அடிச்ச ஆணி. தாங்கும்."

"நம்மள எது தாங்கும்? கழுவெளி நாறுது, வந்து பாத்தியா?"

தேசம்மா எழுந்து புடவையை விலக்கினாள். "வா. காத வெய்யி."

அவன் காதை வைத்தான். வெகுநேரம் அப்படியே நின்றான், அவன் நையாண்டி முகம் மெல்லத் தளர்ந்து அவன் அப்பன் முகத்தைப் போல ஆனது.

"கேக்குதா?"

"கேக்குது."

"அவதானே?"

"அவதான். கோட்டீசுதான். அந்த மூக்கு வேற யாருக்கு கீது?" அவன் காதிலிருந்த ஈரத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "இன்னா சொல்றா?"

"போதும், கரையேறலாம்னு சொல்றா. இத்தினி வருசம் எந்தக் கரைக்கு ஏறணும்னு தெரியாமக் கெடந்தா, இப்பத்தான் வூடு வந்து சேர்ந்திருக்கா. அவளத் தூக்கித் திருப்பிப் போடச் சொல்றியா நீ?"

"நான் ஒண்ணியும் சொல்லல எக்கா" என்றான் துலுக்காணம். வாசல்வரை போய்த் திரும்பி நின்றான். "ஆனா கரையேறினவள ஆணியிலயா மாட்டி வெப்பாங்க?"

அவன் போன பிறகு தேசம்மா ஓடையைத் தொட்டுப் பார்த்தாள். முன்பு தொடை கனம் இருந்த சுற்றுகள் கைத்தடி கனத்துக்கு இளைத்திருந்தன. கீழே சொட்டுவது எப்போதோ நின்றுபோயிருந்தது. மேல்சுற்றில் உப்புப் பூத்து, தொட்டால் உதிர்ந்தது. அவள் குடத்தில் தண்ணீர் எடுத்து அதன்மேல் ஊற்றினாள், அது தரையில் வழிந்து போனதே தவிர ஓடைக்குள் இறங்கவில்லை. அவள் இரண்டு கையாலும் அதைச் சேர்த்து அணைத்துக்கொண்டு காதை வைத்தாள்.

நீள முனகல் வரவில்லை. குட்டையாக இரண்டு வந்தது. அடுத்தடுத்து. கொஞ்சம் பொறுத்து மறுபடி குட்டையாக இரண்டு.

கையை எடு.

தண்ணீருக்குள் அந்த முனகல் கேட்டால் யோசிக்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது, கை தானாக வந்துவிட வேண்டும். பதினாறு வயதிலிருந்து அப்படிப் பழகிய கை. அது தானாக வந்துவிட்டது. வந்துவிட்ட கையை விரித்துப் பார்த்துக்கொண்டு தேசம்மா அந்த ஆணிக்குக் கீழே உட்கார்ந்து, அந்த ஐப்பசியில் அழாததையும் சேர்த்து அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைக் கழுவி, கூந்தலை முடிந்து, ஓடையை ஆணியிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

ஊர் விலகி வழிவிட்டது. அவள் கழுவெளியின் விளிம்பிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே கடலைப் பார்த்து நடந்தாள். பழைய தடம் சேறு காய்ந்து மூடியிருந்ததால் அவள் கால் போன வழியிலெல்லாம் ஓடையும் போனது. அவள் தடுக்கிய இடத்தில் அது ஒரு நெளி நெளிந்தது, மூச்சு வாங்க நின்ற இடத்தில் ஒரு மடு ஆனது, தன் வீட்டைத் திரும்பிப் பார்த்த இடத்தில் ஓடையும் ஒருமுறை வீட்டுப் பக்கம் வளைந்து திரும்பியது. அந்த வளைவு முன்னே கிடையாது, இப்போதும் இருக்கிறது. முகத்துவாரத்தில் கடைசிச் சுற்றை அவிழ்த்துக் கடலில் விட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். கடல் கொஞ்சநேரம் யோசித்தது. பிறகு அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஏறியது, ஓடை பருத்தது, ஏறிய தண்ணீர் கழுவெளியின் முதல் தையலைத் தொட்டதும் தையல் பிரிந்தது, அடுத்தது பிரிந்தது, சண்டைக்காரர் வீட்டுத் தண்ணீரும் குடிகாரன் வீட்டுத் தண்ணீரும் பவுனம்மா வீட்டு ஆழமும் எது எது என்று தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று போய், பொழுது சாய்வதற்குள் கழுவெளி முழுக்க ஒரே மூச்சாக ஏறி இறங்கியது.

தேசம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அலைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

குழு மறுபடி வந்தபோது இரண்டு வண்டிகள்தான் வந்தன. பாலத்தில் புழுதி தெரிந்ததும் துலுக்காணத்தின் கை தட்டுக்குப் போய்விட்டது, அவன் மனசு போகவில்லை, கைதான் போனது. தட்டு அடிபடுவதற்கு முன்பே ஊரின் உடம்பெல்லாம் இழுத்துக்கொண்டது, வடகரையில் நின்ற பெண்கள் குனிந்து விளிம்பைப் பிடித்தேவிட்டார்கள், கழுவெளியின் ஓரம் ஒரு சாண் எழும்பியும் விட்டது. துலுக்காணம் தட்டைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். "வுடுங்கடீ" என்று கத்தினான். "வுட்டுத் தொலைங்க, பாக்கட்டும்!" பெண்கள் கையை எடுத்தார்கள். தண்ணீர் தன் இடத்தில் படுத்தது.

ஜெயசீலன் கரைக்கு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கம்பெனி ஆய்வாளர் வாயைத் திறந்தபடி நின்றார். கழுத்தளவு தண்ணீரில் தேசம்மா பறியைக் கடித்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தாள், சுற்றிலும் மற்ற பெண்கள்.

"இது என்ன?" என்று ஜெயசீலன் பொதுவாகக் கேட்டார்.

கரையில் நின்றவர்கள் காலைப் பார்த்தார்கள். தண்ணீரில் இருந்தவர்களின் வாயில் பறி இருந்தது. அந்தக் கேள்வி கழுவெளியின்மேல் மிதந்து போய், பதில் கிடைக்காமல் திரும்பி வருகிற சமயத்தில் தேசம்மா பல்லைத் திறந்தாள். பறி நழுவித் தண்ணீரில் விழுந்து, உள்ளே பிடித்து வைத்திருந்த இறாலெல்லாம் துள்ளி வெளியேற, ஓடையின் இழுப்போடு மெதுவாக மிதந்து போனது. அவள் அதை எட்டிப் பிடிக்கவில்லை.

"தண்ணி சார்" என்றாள்.

"போன தடவை இல்லையே?"

"நாங்கதான் சார் ஒளிச்சு வெச்சோம். நீங்க பாத்துட்டா பூடும்னு."

ஆய்வாளர் ஏதோ சொல்ல வந்தார், ஜெயசீலன் கையமர்த்தினார்.

"நான் பாத்து எழுதினதுல பலதும் போயிருக்கும்மா" என்றார். "அது நெசம். நான் எழுதினா இது நிக்கும்னு உங்களுக்கு வாக்குக் குடுக்க எனக்கு வாய் வரல. எழுதாட்டி நிக்காதுன்னு மட்டும் தெரியும்."

"அப்ப எறங்கிப் பாருங்க சார். கரையில நின்னு எழுதினா அரையுங்கொறையுமாத்தான் இருக்கும்."

அவர் செருப்பைக் கழற்றினார், பேண்ட்டை மடிக்கப் போனவர் மடிக்காமலே இறங்கினார், சேற்றில் ஒருமுறை தடுமாறி, மார்பளவு ஆழத்தில் தேசம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீர் அவர் தாழ்ந்த தோளின் பக்கத்தையும் தாழாத தோளின் பக்கத்தையும் ஒரே மட்டத்தில் தொட்டது. ஓடையின் பக்கமிருந்து கடல் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது தண்ணீருக்கு அடியிலிருந்து, வாயில் எதையோ கடித்துக்கொண்டு மூக்கால் விடுவதுபோல, குட்டையாக ஒரு முனகல் வந்தது. இங்கே இருக்கிறது.

ஜெயசீலன் திரும்பினார். "யாரது?"

தேசம்மா தண்ணீரின்மேல் கையை வைத்தாள்.

"என் தங்கச்சி சார்" என்றாள். "அவளையும் எழுதிக்குங்க."

அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். காகிதமெல்லாம் வண்டியில் இருந்தது. ஈரக்கையைச் சட்டையில் துடைக்கப் போய், சட்டையும் ஈரமாக இருப்பதைக் கண்டு, கையைத் தண்ணீரிலேயே விட்டார்.

"பேரு சொல்லும்மா" என்றார்.

தேசம்மா சொன்னாள். கோட்டீஸ்வரி என்று அவள் சொன்ன பெயர் தண்ணீரின்மேல் போய் எதிர்க்கரையில் பட்டது. அதைக் கேட்டுப் பக்கத்திலிருந்த பெண் பல்லைத் திறந்து தன் பறியைக் கீழே விட்டு, நாமக்கோழி சார் என்றாள், அடுத்தவள் மடவை என்றாள், கரையிலிருந்து பவுனம்மா, அந்த ஆழம் இருக்கே, அதுக்கும் பேரு உண்டு சார், கிணத்தடி என்பாங்க என்று கத்தினாள், துலுக்காணம் தட்டின்மேலிருந்து எழாமலே பாம்பின் பெயரைச் சொன்னான், சுடுகாடு இருந்த திசையைக் காட்டி அங்கே கிடந்தவர்களின் பெயர்களை ஒருவர் சொன்னார், பனந்தோப்பில் ஒவ்வொரு மரத்துக்கும் இருந்த பெயரை இன்னொருவர் சொன்னார், இத்தனை காலமும் ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் ஒருவர் பின் ஒருவராக, பிறகு எல்லோரும் சேர்ந்து, தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மார்பளவு தண்ணீரில் நின்றபடி அந்த மனிதர் ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர்களைச் சுற்றிக் கடல் ஏறிக்கொண்டிருந்தது.